ஜனவரியில் சேவல் மீன் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற அக்டோபரில் உங்கள் ஞாயிறு இணைப்பில் மெக்சிகோ கடற்கரையைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை வந்தது. படங்கள் நன்றாக இருந்தன. கட்டுரையும் மோசமில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: பாஹா கலிபோர்னியாவில் வருடம் முழுவதும் கரையில் நின்றபடியே, முதுகில் கொண்டை உள்ள பெரிய சேவல் மீனைப் பிடிக்கலாம், தூண்டிலை வீசினால் போதும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் என் சொந்தக் கதையை வெட்டிவிடுங்கள். மாதங்களைப் பற்றிச் சொல்லியிருப்பதை மட்டும் தொடாதீர்கள்.

நான் சரக்குக் கப்பல்களில் இஞ்சின் அறையில் 31 வருடம் வேலை பார்த்தவன். கடலுக்கு நடுவில் இருந்துகொண்டே கடலைப் பார்க்காத வேலை அது. ஓய்வு பெற்ற பிறகுதான் அதைக் கரையிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். நானும் மனைவியும் குளிர்காலத்தை லோஸ் பாரிலெஸ் என்ற ஊரில் கழிக்கிறோம். பாஹா கலிபோர்னியா சுர் மாநிலத்தின் கிழக்குக் கரை. எதிரே கோர்தெஸ் கடல். பள்ளிக்கூட வரைபடத்தில் கலிபோர்னியா வளைகுடா என்று படித்திருப்பீர்கள். எங்களுக்கு இது நான்காவது குளிர்காலம்.

உங்கள் கட்டுரையை என் மனைவியின் தம்பி படித்திருக்கிறார். அன்று மாலையே போன். "அத்தான், ஜனவரி எட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டுட்டேன். பன்னிரண்டு நாள். சேவல் மீனை ரெடியா வைங்க." நான், வேண்டாம் மச்சான், ஜூனில் வா என்றேன். "வருஷம் முழுக்கன்னு பேப்பர்லயே போட்டிருக்கானே. நாலு வருஷமா அங்கேயே இருக்கீங்க, இது உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். நான்கு குளிர்காலம் தண்ணீரில் நின்றவனைவிட ஒரு வரி அச்சு பெரிது. சரி, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், மலைகளுக்கு நடுவே உள்ள பாலைவன மேட்டில், குளிர்ந்த கனமான காற்று சேர்ந்து அழுத்தம் ஏறுகிறது. அது தெற்கே இறங்க வழி தேடும்போது இந்த வளைகுடா வாகாகக் கிடைக்கிறது. மேற்கே தீபகற்பத்தின் மலைத்தொடர், கிழக்கே மெக்சிகோ பெருநிலத்தின் மலைகள், நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கடல். இஞ்சின் அறைக்காரனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை: ஒரு முனையில் அழுத்தம், நடுவில் நீளமான குழாய், மறுமுனையில் தூண்டிலோடு நான். இங்கே இதற்கு 'எல் நோர்த்தே' என்று பெயர், வடக்கத்திக் காற்று. நவம்பரில் தலைகாட்டி மார்ச் வரை இருக்கும். ஒருமுறை பிடித்தால் மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள் விடாது.

இந்தக் காற்றுக்காகவே உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் லோஸ் பாரிலெஸுக்கு வருகிறார்கள் என்பது வேடிக்கை. பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் அலைமேல் பறக்கும் இளைஞர்கள். காலை பத்து மணிக்குக் காற்று எழும்போது அவர்கள் கரைக்கு ஓடி வருவார்கள், நான் தூண்டில் கோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். வழியில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வோம். அவர்களுக்குச் சீசன் நல்ல சீசன்.

காற்று தூண்டிலை வீசவிடாமல் செய்வதோடு நிற்பதில்லை. மேல்நீரைக் கலக்கிக் குளிர வைக்கிறது. நான் வீட்டுக்குள் சும்மா இருக்க மாட்டாதவன். சமையலறை வெப்பமானியை ஒரு ஈயக்குண்டோடு தூண்டில் நரம்பில் கட்டி, காலையில் இடுப்பளவு தண்ணீரில் விட்டு எடுத்து எழுதிவைப்பேன். நவம்பர் நடுவில் 26 டிகிரி. டிசம்பர் நடுவில் 24. ஜனவரி பாதியில் 21. அப்புறம் பிப்ரவரி கடைசி வரை அங்கேயே நின்றுவிட்டது. தண்ணீர் குளிர்ந்தால் சர்தினா என்கிற சின்ன மத்தி மீன் கூட்டம் கரையை விட்டு நகர்கிறது. சர்தினா போனால் அதைத் தின்ன வருகிற பெரியவர்களும் போய்விடுகிறார்கள். விருந்து முடிந்த மண்டபத்தில் இலை போடச் சொல்லி உட்கார்ந்திருந்தால் எப்படி?

இப்போது கணக்கு. என்னிடம் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. கப்பலில் ஒவ்வொரு காவலுக்கும் எண்ணெய் அழுத்தம், வெப்பம் என்று எழுதிப் பழகிய கை, மீனையும் எழுதாமல் விடாது. நவம்பர் 15 முதல் பிப்ரவரி 28 வரை 106 நாள். காற்றால் கரைக்கே போகாத நாள் 41. வேறு வேலை, உடம்பு சரியில்லை, ஒருமுறை பல் வலி என்று 7. ஆக, தூண்டிலை வீசிய காலைகள் 58. பிடித்த மீன் 19. பிரித்துச் சொல்கிறேன்: போதேதே 7, சியர்ரா 6, ஆகுஹோன் 2, மச்சேத்தே 2, மணலோடு மணலாகக் கிடக்கும் தட்டை மீன் லெங்குவாதோ 1, சேவல் மீன் 1. தோரோ, ஒன்றுகூட இல்லை.

இந்தப் பெயர்கள் வாசகர்களுக்குப் புரியும்படி: ஆகுஹோன் நம் முரல்தான், ஊசிமூக்கு. தோரோ நம் பாரை. பெயருக்கேற்ற எருது, மாட்டினால் கோலை அல்ல, ஆளையே இழுக்கும். மச்சேத்தே வெள்ளிக் கத்திபோல ஒல்லியாக இருக்கும், மாட்டியதும் தண்ணீருக்கு மேலே துள்ளித் துள்ளித் தூண்டில் முள்ளை உதறிவிட்டுப் போகும். உடம்பில் முள் நிறைய, சாப்பிட லாயக்கில்லை. போதேதே என்பது பேத்தை. பயந்தால் பந்துபோல ஊதிக்கொள்ளுமே, அதுதான். விஷ மீன். பல் கிளிஞ்சலை உடைக்கிற பல். என் ரப்பர் இரைகளின் வாலை எல்லாம் கத்தரித்து வைத்தது அதுதான். பிடித்த 19-இல் 7 பேத்தை என்றால், இந்தச் சீசன் எப்படிப் போனது என்று மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. போன மூன்று குளிர்காலங்களிலும் நாற்பதுக்குக் குறையாமல் எழுதியிருக்கிறேன்.

ஆனாலும் ஒரு நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. டிசம்பர் 19. முதல் நாள் இரவு காற்று திடீரென்று நின்றது. நாலு நாளாக ஓலமிட்ட ஓலைக்கூரை வாயை மூடியதும் நான் விழித்துக்கொண்டேன். சத்தத்தில் தூங்கிவிடலாம், சத்தம் நின்றால் இஞ்சின் அறைக்காரன் எழுந்துவிடுவான். வெளிச்சம் வருமுன் கரையில் இருந்தேன். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருந்தது. வலது பக்கம், நூறு மீட்டர் தள்ளி, கூழைக்கடா ஒன்று இறக்கையை மடக்கிக்கொண்டு தலைகீழாக விழுந்தது. அடுத்து இன்னொன்று. இந்தக் கரையில் உள்ள பழுப்புக் கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டு மீனை அள்ளுகிற சாதியில்லை, மேலிருந்து கல்போல விழுகிறவை. அவை விழுகிற இடத்தில் சர்தினா இருக்கிறது, சர்தினாவுக்குக் கீழே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மணலில் ஓடுவது 68 வயதுக்கு உகந்ததில்லை. ஓடினேன். ஸ்பூன் என்கிற வெள்ளித் தகட்டு இரையை வீசி இரண்டு சுற்று சுற்றியதும் நரம்பு கனத்தது, உடனே லேசானது. இழுத்துப் பார்த்தால் ஸ்பூன் இல்லை. கத்தியால் வெட்டினாற்போல நரம்பு. அந்த வெட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, சியர்ரா. நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு. விலங்கியல்படி ஒரே பேரினம். அதே ஒல்லி உடம்பு, அதே பல், விலாவில் மட்டும் மஞ்சள் புள்ளிகள். கை நடுங்க ஒரு சாண் கம்பியைக் கட்டி அடுத்த ஸ்பூனை மாட்டினேன். இருபத்தைந்து நிமிடத்தில் நான்கு. ஐந்தாவது காலடி அலையில் கழன்றது. அப்புறம் கூழைக்கடாக்கள் எழுந்து தெற்கே போயின, கடல் மறுபடி ஒன்றுமே நடக்காததுபோல ஆனது. இன்னும் ஒரு மணி நேரம் நின்று வீசினேன். ஒன்றுமில்லை.

இரண்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். அவர் மனைவி எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் அரிந்து கலந்து, பொரித்த சோள அப்பளத்தின் மேல் வைத்துத் திருப்பி அனுப்பினார். செவிச்சே. அடுப்பே இல்லாத சமையல். என் மனைவி மற்ற இரண்டையும் வஞ்சிரத்துக்குச் செய்வது போலவே செய்தாள். மீனுக்கு வித்தியாசம் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

இனி மச்சான். ஜனவரி 8-ஆம் தேதி லோஸ் காபோஸ் விமான நிலையத்தில், ஆளைவிட உயரமான குழாய் ஒன்றைச் சுமந்தபடி வந்தார். உள்ளே புத்தம்புதிய 12 அடிக் கோல். எதிர்க்காற்றில் நிற்கிற ஆளுக்கு அது கொடிக்கம்பம். அன்று மட்டும் காற்றில்லை. "பார்த்தீங்களா அத்தான்" என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு 'எல் நோர்த்தே' வந்தது. பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் இருந்தது.

தினமும் காலையில் வாசலில் நின்று, முன்னாளில் பாங்கா என்கிற மீன்பிடிப் படகு ஓட்டிய பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கையால் சைகை செய்து கேட்பார். அவர் கடலைக்கூடப் பார்க்காமல் காப்பியை உறிஞ்சிவிட்டு, "அய் வியென்தோ" என்பார். காற்று இருக்கிறது. அவ்வளவுதான் வானிலை அறிக்கை. மூன்றாம் நாளிலிருந்து மச்சானே கதவைத் திறந்து "அய் வியென்தோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். பன்னிரண்டு நாளில் அவர் கற்றுக்கொண்ட ஸ்பானிஷ் அதுதான்.

சும்மாவும் இருக்கவில்லை. காற்றில் வீசியே தீருவேன் என்று ஒரு நாள் நின்றார். இரை முன்னே போவதற்குப் பதிலாகத் தலைக்கு மேலே போய்ப் பின்னால் விழுந்தது, நரம்பு குருவிக்கூடு ஆனது. அதைப் பிரிக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று, அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து பழைய குடும்ப விஷயங்களைப் பேசிக்கொண்டே பிரித்தார்கள். அந்த மாலை நன்றாகத்தான் இருந்தது.

திருக்கை விஷயத்தையும் சொல்லவேண்டும், இது உங்கள் கட்டுரையில் இல்லை. இங்கே ஆழமில்லாத மணலில் சின்னத் திருக்கைகள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைத்து நடக்கக்கூடாது; தரையோடு தேய்த்துக்கொண்டு போகவேண்டும், அது அதிர்வு உணர்ந்து விலகிவிடும். சொன்னேன். கிழவன் மாதிரி இருக்கும் என்று மச்சான் மறுத்தார். ஆறாம் நாள் கணுக்காலில் வாங்கினார். அலறலைக் கேட்டு வீட்டுக்காரரின் மனைவி ஒன்றும் கேட்காமல் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார், தாங்குகிற அளவு சூட்டில் காலை வைத்திருக்கச் சொன்னார். அந்த விஷத்துக்குச் சூடு ஆகாது. வலி மெல்ல இறங்கும். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு அவர் உங்கள் பத்திரிகையைப் பற்றிச் சொன்னதை நான் எழுதவில்லை.

ஒன்பதாம் நாள், கால் தேறியதும், பசிபிக் பக்கம் போவோம் என்று கிளம்பினோம். மலைக்கு அந்தப்புறம் இந்த வடக்கத்திக் காற்று இவ்வளவு தெரியாது. முதலாம் எண் நெடுஞ்சாலையில் ஏறி, சான் பார்த்தோலோ பள்ளத்தாக்கின் பனைமரங்களைக் கடந்து, பழைய வெள்ளிச் சுரங்க ஊரான எல் திரியுன்ஃபோவின் செங்கல் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு, சான் பெத்ரோவில் திரும்பி தோதோஸ் சந்தோஸ். அங்கிருந்து புந்தா லோபோஸ் கடற்கரை பக்கம்தான்.

அந்தக் கரையைப் பார்த்தால் தூண்டில் ஆசை கொஞ்சம் பின்வாங்கும். மணல் செங்குத்தாக இறங்குகிறது. அலை தூரத்தில் உடைவதில்லை. உங்கள் காலடியில் வந்து, ஆள் உயரம் எழுந்து, அப்படியே விழுகிறது. மீன் கிட்ட வருவதும் இதனால்தான், ஆள் போவதும் இதனால்தான். ஈரமணல் எங்கே முடிகிறதோ அதற்கு மேலேதான் நிற்கவேண்டும். வீசுவதற்கு முன் பத்து நிமிடம் சும்மா நின்று பெரிய அலைகள் எவ்வளவு தூரம் ஏறுகின்றன என்று பார்க்கவேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டக்கூடாது. மீன் மாட்டினால் இறங்கி எடுக்கப் போகக்கூடாது. அலை ஏறும்போது பின்னால் நடந்து அதோடு சேர்த்து இழுத்துவிடவேண்டும். போன வருடம் நான் ஒருமுறை இறங்கினேன். தொப்பி, செருப்பு, ஒரு பெட்டி நிறைய இரை, எல்லாம் பசிபிக்கில் இருக்கிறது. நான் மணலைத் துப்பிக்கொண்டு மேலே வந்தேன்.

அன்று இரண்டு பேரும் மூன்று மணி நேரம் வீசினோம். தூரத்தில் சாம்பல் திமிங்கிலங்கள் மூச்சு விட்டுக்கொண்டு போயின. வடக்கே ஆர்க்டிக் பக்கத்திலிருந்து குட்டி போட இந்தத் தீபகற்பத்துக்கு வருகிறவை. அதையும் மச்சான் சரியாகப் பார்க்கவில்லை, கண் நரம்பிலேயே இருந்தது. மதியம் தாண்டியதும் பாங்காக்கள் திரும்ப ஆரம்பித்தன. நீளமான கண்ணாடியிழைப் படகு, பின்னால் ஒரு மோட்டார். அலைகளுக்கு வெளியே நின்று எண்ணுகிறார்கள். ஒரு பெரிய அலை போனதும் அதன் முதுகில் முழு வேகத்தில் ஏறிவந்து, மணலில் மோதி, பாதிப் படகு உலர்ந்த கரையில் நிற்கும்படி நிறுத்துகிறார்கள். ஒவ்வொருமுறையும் எனக்கு வயிற்றைப் பிசையும். மோட்டாரை எப்போது தூக்குவது என்பதில் அரை நொடி பிசகினால் தீர்ந்தது. 31 வருடம் இஞ்சினோடு இருந்தவன் சொல்கிறேன், அந்த ஆளுக்கு முன்னால் நான் எண்ணெய் துடைக்கிற பையன்.

ஒரு பாங்காவில் உவாச்சினாங்கோ இருந்தது, நம் சங்கரா வகை, செக்கச்செவேலென்று. மச்சான் ஒன்று வாங்கினார், இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டார், போட்டோ எடுக்கச் சொன்னார். பின்னணியில் கடல், தோளில் 12 அடிக் கோல். குடும்ப வாட்ஸாப்பில் அன்றிரவே வந்துவிட்டது. பிடித்தேன் என்று எழுதவில்லை. வாங்கினேன் என்றும் எழுதவில்லை. எழுபது பேர் வாழ்த்தினார்கள். இப்போது எனக்கு ஒரு சந்தேகம்: உங்கள் நிருபர் எடுத்துப் போட்ட படங்களும் இப்படித்தானோ?

பன்னிரண்டு நாளில் அவர் தன் கையால் பிடித்தது ஒரு பேத்தை. கிளம்புகிற நாள் காலையில். அது ஊதிக்கொண்டு அவரை முறைத்தது. அவரும் முறைத்தார். விட்டுவிட்டார்.

அவர் போன பிறகு நடந்த ஒன்றை எழுதியே ஆகவேண்டும். பிப்ரவரியில் காற்று ஓய்ந்த ஒரு நாள் நானும் மனைவியும் காபோ புல்மோ போனோம். லா ரிபேரா தாண்டித் தெற்கே, கடைசிப் பகுதி மண்சாலை. ஒருகாலத்தில் மீன்பிடிக் குடும்பங்களின் ஊர். பிடித்துப் பிடித்து மீன் இல்லாமல் போனதும், அந்தக் குடும்பங்களே முன்நின்று கேட்டு, 1995-இல் 7,111 ஹெக்டேர் கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. வலையை வைத்துவிட்டு முக்குளிப்பவர்களை அழைத்துப்போகும் தொழிலுக்கு மாறினார்கள். 1999-க்கும் 2009-க்கும் நடுவில் அங்கே மீன்களின் மொத்த எடை நான்கு மடங்குக்கு மேல் கூடியதாக விஞ்ஞானிகள் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். நான் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு, கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் மட்டும் வாடகைக்கு எடுத்தேன்.

படகிலிருந்து இறங்கி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும், கீழே பாரை. ஆயிரக்கணக்கில். ஒன்றோடொன்று ஒட்டி ஒரு தூண்போலச் சுழன்றுகொண்டிருந்தன. வெயில் பட்டபோது தூண் முழுக்க வெள்ளியானது, மேகம் வந்தபோது கரியானது. என் நிழல் மேலே விழுந்தும் அவை விலகவில்லை. மூன்றரை மாதமாக நான் காலையில் ஒருவராவது வருவாரா என்று நின்றிருந்தேன். இவர்கள் அத்தனை பேரும் வண்டியில் போகிற தூரத்தில், என் தூண்டில் வராத இடமாகப் பார்த்து இருந்திருக்கிறார்கள். கோபம் வரவில்லை. சிரிப்பு வந்து மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. மனைவி பயந்துபோனாள்.

சேவல் மீனுக்கு வருகிறேன். இங்கே 'பெஸ் காயோ' என்பார்கள். முதுகில் ஏழு நீண்ட முள் கொண்ட கொண்டை. இரையைத் துரத்தும்போது அது விரிந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். உங்கள் நிருபர் முழுப் பொய் சொல்லவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். நவம்பர் கடைசியில் எனக்கும் ஒன்று வந்ததே, முழங்கை நீளம், ஒரு குஞ்சு. கொண்டையைச் சரியாக விரிக்கக்கூடத் தெரியவில்லை. தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டேன். சின்னது ஒன்றிரண்டு குளிர்காலத்திலும் கரையோரம் திரியும். ஆனால் கட்டுரையில் போட்ட படத்தில் இருந்த அளவு மீனுக்கு, தண்ணீர் சூடாகி மடவை மீன்கள் கரையை ஒட்டி ஓடத் தொடங்கவேண்டும். மே பாதிக்கு மேல், ஜூன், ஜூலை. இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் ஜூன் வரை தங்கினோம். வெயில் கொளுத்தியது, மனைவி தினமும் என்னைத் திட்டினாள். ஆனால் கரையோரம் நடக்கும்போதே மடவைகள் பறந்து மணலில் விழுவதையும், பின்னால் அந்தக் கொண்டை வருவதையும் கண்ணால் பார்த்துவிட்டு வீசினேன். எவ்வளவு வேகமாகச் சுற்ற முடியுமோ அதைவிட வேகமாகச் சுற்றவேண்டும். இரண்டு முறை பின்னாலேயே வந்து, காலடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மூன்றாவது முறை பிடித்தது. நாற்பது நிமிடம். கரையில் ஒரு அரை கிலோமீட்டர் என்னை நடத்திக்கொண்டு போனது. விட்டபோது அதைவிட நான்தான் அதிகம் இரைத்தேன்.

உலக சாதனைச் சேவல் மீன் 114 பவுண்டு. பிடிபட்டது இதே கடலில், லா பாஸில், 1960-இல். இன்னும் யாரும் தாண்டவில்லை. எந்த மாதம் என்று நினைக்கிறீர்கள்? ஜூன் 1.

அப்புறம் சட்டம். கரையில் நின்று பிடிப்பதற்கு மெக்சிகோவில் அனுமதிச் சீட்டு தேவையில்லை. படகில் ஏறினால் தேவை. இது கட்டுரையில் தலைகீழாக இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் பத்து மீன், ஒரே வகையில் ஐந்துக்கு மேல் கூடாது. சேவல் மீனும், தொராதோ என்கிற பொன்னிற மீனும் தலைக்கு இரண்டுதான். பிடித்ததை விற்கக்கூடாது. கிளிஞ்சல், சிங்கி இறால் எல்லாம் சுற்றுலாக்காரர்கள் தொடவே கூடாது. உங்கள் படத்தில் ஒருவர் நான்கு சேவல் மீனை மணலில் வரிசையாகப் போட்டு நின்றிருந்தார். படம் எடுத்தவர் பங்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரிதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'வருடம் முழுவதும்' என்பதை எடுத்துவிட்டு 'மே முதல் ஜூலை வரை' என்று ஒரு சின்னத் திருத்தம், ஏதாவது ஒரு மூலையில் போடுங்கள். குளிர்காலத்தில் போகிறவர்கள் காற்றுக்கும், பேத்தைக்கும், என்றோ ஒரு நாள் சியர்ராவுக்கும் தயாராகப் போகட்டும். நான் வருகிற நவம்பரிலும் போகத்தான் போகிறேன். நோட்டில் இன்னும் பாதிப் பக்கம் காலி.

மச்சானின் 12 அடிக் கோல் எங்கள் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது, திரும்பக் கொண்டுபோகவில்லை. அடுத்த பயணத்துக்கு விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். பிப்ரவரியில் மலிவாக இருக்கிறது என்றார். ஜூனில் வா என்று மறுபடியும் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் அச்சில் போட்டால் கேட்பார். அதனால் கொஞ்சம் சீக்கிரம் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் இஞ்சினியர் ஒருவர்,
லோஸ் பாரிலெஸ், பாஹா கலிபோர்னியா சுர், மெக்சிகோ